ஞாயிற்றுக்கிழமைகளில் கடல்

10-2-2003, திங்கள்

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்குள் பாதி உயிர் போயிற்று. மீதி ஆபீசில். கடலுக்குள் காற்றாலை நட முடியுமா என்று பார்க்க ஒரு வெளிநாட்டுக் குழு வருகிறதாம். ஆரல்வாய்மொழியில் வரிசையாக நிற்கிறதே, அதேதான். ஆனால் கரையை விட்டுத் தள்ளி, தண்ணீருக்குள். அதற்கு நான்கு வருஷத்துக் காற்றும் அலையும் நாள்வாரியாக வேண்டும். டைரக்டர் ராமசுப்ரமணியன் சாருக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

"ஊர்ல எல்லாரும் ஸாட்டலைட்டைப் பார்த்து உத்தேசமாச் சொல்லுவா, ராஜஸ்ரீ. கடல் மேல நின்னு அளந்தது நம்மகிட்டதானாக்கும்."

நின்று அளந்தது நாங்கள் இல்லை, சத்தியநேசன். பாறசாலையிலிருந்து ரயிலில் வந்து, வலியதுறைக் கடல்பாலத்தின் நுனியில் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் காற்றையும் அலையையும் அளந்து தாளில் எழுதுகிறவர். பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். அந்தத் தாள்களை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான். மார்ச் மூன்றாம் தேதிக்குள் எல்லாவற்றையும் சரிபார்த்து, 'நம்பத்தகுந்தது' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் தேதி சத்தியநேசனுக்கு வேலை நிரந்தரத்துக்கான நேர்காணல். மனிதருக்கு இப்போதாவது விடியட்டும்.

13-2-2003

கண் எரிச்சல். 1999 முடிந்தது. இன்னும் மூன்று வருஷம்.

14-2-2003, வெள்ளி

ஏதோ சரியில்லை.

இத்தனை நாள் மாதச் சராசரி மட்டும்தான் எடுத்தோம். இப்போதுதான் நாள்நாளாகப் பார்க்கிறேன். ஞாயிறு காலை, ஞாயிறு மாலை, திங்கள் காலை: மூன்று வேளையும் காற்று ஒரே வேகம், தசமம்கூட மாறாமல். அலையோ சனி மாலை என்னவோ அதுவேதான் ஞாயிறு முழுக்க. ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை. நான்கு வருஷமும்!

கடலுக்குக் கிழமை தெரியுமா என்ன?

தெரிந்த ஆள் ஒருவர்தான் பாலத்தில் இருக்கிறார்.

17-2-2003, திங்கள்

கடல்பாலத்துக்குப் போனேன். சத்தியநேசன் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தாள்களை எடுத்து நீட்டியதுமே புரிந்துவிட்டது அவருக்கு. மழுப்பவே இல்லை.

"ஞாயிறாழ்ச்சை நான் வாறதில்ல மேடம். சபையில ஆராதனைக்குப் போவணும். காத்து மட்டும் பொய்யில்ல, கேட்டியளா. மெஷின் சனி சாயங்காலம் நின்ன நம்பரையும் திங்கள் காலத்த நிக்க நம்பரையும் கழிச்சி, மணிக்கணக்குக்கு வகுத்துப் போடுவேன். அலைக்கு மெஷின் இல்லியே. அதுக்குத்தான்..." என்று தாளில் சனி மாலைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

கிண்ணங்கள் சுற்றச் சுற்றக் காரின் கிலோமீட்டர் போல எண் ஏறும் கருவி அது. முப்பத்தொன்பது மணி நேரக் காற்றைச் சரியாகத்தான் வகுத்திருக்கிறார், ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. ஒரு பொய்யை இவ்வளவு நாணயமாகக் கணக்குப் போட்டவரை நான் பார்த்ததில்லை. கோபப்பட வந்த எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"வரலேன்னா காலியா விட்டிருக்கலாமே?" என்றேன்.

எழுந்துபோய்ச் சுவரிலிருந்து ஒரு காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். "காலியா விடப்பிடாதுண்ணு மேடம் தந்த பேப்பர், இன்னா இருக்கு."

1998. 'தாளில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.' கீழே என் கையெழுத்து. நல்ல குண்டு குண்டான கையெழுத்து.

சிரிப்பு அதோடு நின்றது.

18-2-2003

அவருடைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சிவப்பு மையில் கோடு: விடுமுறை. அதே ஞாயிற்றின் அலை உயரமும் அதே அலமாரியில், பக்கத்துத் தட்டில். இத்தனை வருஷம் இரண்டையும் ஒரே சாவியால் பூட்டியிருக்கிறோம். ஞாயிறு யார் அளக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏழு நாளும் ஒரு மனிதர் வருவார் என்று நினைத்தோமா? நினைக்கவே இல்லை. அதுதான் நிஜம்.

21-2-2003, வெள்ளி

டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு அலைகளை எல்லாம் எடுத்துவிட்டுக் காலியாக அனுப்பலாம், காரணத்தையும் எழுதலாம் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இருநூத்தொம்பது ஞாயித்துக்கிழமை! ரிக்கார்டா சல்லடையா? முன்னாடி நாள் பின்னாடி நாள் பார்த்து ஏதானும் போட்டு ரொப்பிடும்மா. அவா என்ன இங்க வந்து கிழமை பார்த்துண்டா இருக்கப்போறா?"

குரலை இறக்கிக்கொண்டார். "காரணம் எழுதினா அவன் இன்டர்வ்யூ என்னாகும்? உன் கையால பண்ணுவியா அதை?"

அவர் கெட்டவர் இல்லை. சத்தியநேசனை நிரந்தரமாக்கும் கோப்பை மூன்று முறை தலைமைச் செயலகத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவரே அவர்தான்.

ரொப்பிவிடலாம். ஒரு நாள் வேலை.

23-2-2003, ஞாயிறு

காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன், பருப்பு வாங்கணும் என்று சொல்லிவிட்டு வலியதுறைக்குப் போனேன். அளக்கிற இடத்தில் ஒருவருமில்லை. கிண்ணங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு அலை பாலத்துத் தூணில் அடித்துச் சிதறியது. அதை யாரும் எழுதவில்லை. அடுத்ததையும் எழுதவில்லை.

பருப்பு இல்லாமல் திரும்பினேன். ஆனந்தகிருஷ்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டு, "என் பொண்டாட்டிக்கு சிபிஐயிலயாக்கும் உத்தியோகம்" என்றார். பிறகு அவரே, "ரொப்பிடு ராஜி. ஒரு குடும்பம் பிழைக்கட்டும்" என்றார்.

சரி. ரொப்பிவிடுகிறேன். நாளைக்கே.

24-2-2003, திங்கள்

ரொப்பவில்லை.

பதினொரு மணிக்கு சத்தியநேசன் வந்தார். ஆபீசுக்குள் அவர் வந்து நான் பார்த்தது மொத்தம் நாலு தடவை இருக்கும். நின்றுகொண்டே பேசினார்.

"போன வருசம் ஜூன் பதினாறு பாருங்க மேடம்."

பார்த்தேன். ஞாயிறு. அலை 1.2 மீட்டர்.

"அண்ணைக்கு நான் சபையில இருக்கேன். திங்கள் காலத்த வந்து பாத்தா, பாலத்துப் பலகை நாலு பேந்து கெடக்கு. எட்டு வள்ளம் ஒடஞ்சு போச்சு. கடப்புறத்து ஆளுவ சொன்னாவ, தண்ணி பாலத்துக்கு மேல ஏறி வந்துச்சுண்ணு. நான் என்ன செய்தேன்? சனியாழ்ச்சை போட்ட ஒண்ணு புள்ளி ரெண்டையே போட்டேன். வேற போட்டா, நீ எப்பம் பாத்தேண்ணு கேப்பாவளே. அது நெஞ்சுல கெடந்து அறுக்குது மேடம்."

நான்கு வருஷத்தில் மிகப் பெரிய அலை. கடலில் நடப்போகிற தூண் எவ்வளவு அடியைத் தாங்க வேண்டும் என்று அந்த ஒரு அலையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். எங்கள் தாளில் அன்று கடல் குளம்.

"சத்தியநேசன், இதையெல்லாம் எழுதினா உங்க இன்டர்வ்யூ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். எனக்க வீட்டுல ஞானபாயும் தெரிஞ்சுதான் அனுப்பினா. அந்தத் தூணுல நாளைக்கு ஒருத்தன் ஏறி நிண்ணு வேல செய்யணும்லா? நான் போட்ட நம்பரை நம்பி ஏறுவான். எனக்க பேரைப் பாக்காதீங்க, ஞாயிறாழ்ச்சை நம்பரையெல்லாம் வெட்டுங்க."

அவர் போனதும் ஞாயிறு அலைகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். நேற்று ராத்திரி எவ்வளவு சுலபமாக முடிவு பண்ணினேன்! வெட்கமா இருக்கு. ரொம்ப வெட்கமா இருக்கு.

3-3-2003, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். 209 ஞாயிறுகளின் அலை: காலி. சனி மாலை முதல் திங்கள் காலை வரை காற்று: ஒரே சராசரி என்று குறிப்பு. 16-6-2002: 'அளக்கவில்லை. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியதாகக் கரையில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.' காரணம் என்ற இடத்தில்: 'பணியாளருக்கு ஞாயிறு விடுமுறை, மாற்று ஆள் நியமிக்கப்படவில்லை. காலியாக விடக் கூடாது என்ற உத்தரவு என்னுடையது.'

டைரக்டர் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார். "உன் தலையிலயும் கொஞ்சம் மண்ணை வாரிப் போட்டுண்டுட்டே" என்றார். ஆனால் அனுப்பினார்.

5-3-2003

நேர்காணலில் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதானாம். ஞாயிறு வேலைக்கு வந்தீரா? இல்லை என்றாராம். போகலாம் என்றார்களாம்.

9-4-2003, புதன்

வெளிநாட்டுக் குழுவிடமிருந்து கடிதம். வந்த பதிவுகளில் இதுவரை ஓட்டை இல்லாதது எதையும் அவர்கள் முழுதாக நம்பியதில்லையாம். நீங்களே ஓட்டையைக் காட்டிவிட்டதால் மீதியை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம், ஒரு நாள்கூட விடாமல் அளக்க வேண்டுமாம். டைரக்டர் கடிதத்தை எல்லாருக்கும் காட்டினார். சல்லடை என்று சொன்னதை அவர் மறந்துவிட்டார், நான் ஞாபகப்படுத்தவில்லை.

6-5-2003, செவ்வாய்

எனக்கு ஒரு மெமோ. வாங்கிக்கொண்டேன்.

சத்தியநேசனுக்கு உத்தரவு வந்துவிட்டது. நிரந்தரம் இல்லை. ஞாயிறு வார விடுமுறை முறைப்படி அனுமதிக்கப்படுகிறது. இரண்டே வரி.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சாயங்கால ரீடிங்குக்கு நேரமாச்சு மேடம்" என்று பாலத்தில் நடந்து போய்விட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். என்னால்தான். வேறு எப்படிச் சொல்லிக்கொள்வது?

ஞாயிறு அளவை நானே எடுக்கிறேன் என்று டைரக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

15-6-2003, ஞாயிறு

பேய் மழை. காலை அளவை எடுப்பதற்குள் குடை இரண்டு முறை திரும்பிக்கொண்டது. மாலையில் கடல் இன்னும் மோசம். தூணில் வரைந்த அளவுக்கோடுகள் நுரையில் தெரியவே இல்லை. திணறிக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஆள் வரும் சத்தம். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் ஒரு கயிறு.

"ஆராதனை காலத்தயே முடிஞ்சுது. இந்தக் கடலுல மேடம் ஒத்தைக்கு நிக்கப்பிடாது" என்று கயிற்றின் ஒரு முனையைக் கைப்பிடிக் கம்பியில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்தார். இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கு உங்களுக்கு லீவு. நீங்க ஒண்ணும் சொல்லப்படாது" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல."

மூன்று அலை பார்த்து 3.1 என்று எழுதினேன். ஒன்றும் சொல்லவில்லை மனிதர். தொண்டையை மட்டும் செருமினார். மறுபடி பார்த்தேன், அடுத்த மூன்றை. 3.4. மறுபடியும் செருமல்.

"எவ்வளவுதான்? சொல்லித் தொலையுங்கோ."

"நுரைக்க மேல பாக்கப்பிடாது மேடம். தண்ணி முறியுததுக்கு முன்ன பாக்கணும். மூணு புள்ளி ஆறு."

அவர் சொன்னபடி பார்த்தேன். 3.6.

அதை எழுதினேன். அளந்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதப் போனேன்; கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம். ஞாயிறாழ்ச்சை நான் இஞ்ச இல்ல."