சித்தேரி மதகும் ஒரு சிட்டிகை டால்க்கும்

அன்புள்ள கூட்டாளிக்கு,

ஏழு ஏரித் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்தவனாகிய நான், காஞ்சிபுரம் ஜில்லாவே சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. உன்னைப் போன மாதம் அடக்கம் செய்துவிட்டோம்.

நேற்று சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ரைடு ரைஸ் போடுகிறவன் சட்டியில் வினிகரை ஊற்றினான். அந்தப் புளித்த நெடி பக்கத்தில் நின்றவர்களுக்குச் சாப்பாட்டு வாசனை. எனக்கு அது நம் ஷெட்டின் வாசனை. பார்சல் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். நான் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தேன் என்றால் ஊர் அதையே நம்பாது.

ரெசினில் சிலாப் ஊற்றுகிற நம் ஷெட்டு என்பது நாலு கல்தூணும் மேலே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும்தான். வெளியில் நான் அதை ஆசியாவின் மூன்றாவது பெரிய ரெசின் தொழிற்சாலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் இரண்டும் எங்கே என்று யாராவது கேட்டால், இன்னும் கட்டவில்லை என்பேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு மோல்டுக்கு மெழுகு தேய்ப்பாய். தொழில் தெரிந்தவன் நீ. வாய் மட்டும் என்னுடையது.

ரெசின் என்கிற அந்தத் திரவப் பிசினில் ஹார்ட்னர் சேர்ந்தால் இறுகிவிடும், அப்புறம் எந்த நெருப்பிலும் அது உருகாது. ஆனால் வெறும் ரெசினைக் கனமாக ஊற்றினால் தன் சூட்டிலேயே விரிசல் விடும். அதனால் குவார்ட்ஸ் கல் மாவும் மணலும் நிறைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கே சுலபமாகப் புரிந்தது. புரியாதது அந்தச் சின்ன பாட்டில் சைலேன்தான். அதை நீ ஒரு தரம் சொல்லிக் கொடுத்தாய்.

“கல்லு ஒரு ஜாதி, ரெசினு ஒரு ஜாதி அண்ணாத்தே. பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு இருக்கும், ஆனா கை புடிச்சிக்காது. இவன்தான் நடுவுல பூந்து ரெண்டு பேர் கையையும் புடிச்சிக்கினு நிக்கணும்.”

தண்ணீரில் நாலு சொட்டு வினிகர். அதில் சைலேனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கலங்கல் தெளியும்வரை கலக்க வேண்டும். பிறகு மாவு, மணல் இரண்டின் மேலும் தெளித்து, புரட்டி, தட்டில் பரப்பி, சூட்டு அலமாரியில் காய வைக்க வேண்டும். முழுசாக ஒரு பகல் போய்விடும். முடிந்த பிறகு பார்த்தால், சைலேன் ஏறிய மாவும் ஏறாத மாவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துப் பார்க்க உன்னிடம் ஒரு வழி இருந்தது. டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுவாய். ஏறிய மாவு மேலேயே நிற்கும். ஏறாதது மூழ்கும்.

ஏரிச் சங்கத் தலைவரான என் சித்தப்பா ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தார். நாம் இருவரும் நின்றிருக்க, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“இன்னாடா, சித்தேரி மதகுப் பலகையைத் துருவும் புடிக்குது, திருடனும் புடிச்சிக்கினு போறான். உங்க பிளாஸ்டிக்குல ஒண்ணு ஊத்துவீங்களா?”

“பிளாஸ்டிக்கா? வஜ்ராயுதம் சித்தப்பா! இந்திரன் வந்து கடன் கேட்டாலும் குடுக்க மாட்டோம்.”

“கணக்கு யாரு போடுவா?”

நான் உன்னைக் காட்டினேன். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாத்து செய்யச் சொல்லு” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காலனியிலிருந்து ஒருவன் செய்த பொருள் ஊர் ஏரியில் நிற்கப்போவது அதுதான் முதல் முறை. நீ அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம், பலகை எத்தனை கனம், மாவு எத்தனை பங்கு என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினாய். பலகை ஊற்றும் நாளன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். ரெசின் வேலைக்குப் புதுச் சட்டை போடுகிற மனிதனை உலகத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று காலையில் நீ ரெசின் டிரம் எடுத்துவரச் செங்கல்பட்டுக்குப் போனாய். மாவை என்னிடம் ஒப்படைத்தாய். எனக்கோ திருமுக்கூடலில் ஒரு கல்யாணம். மூன்று ஆறும் கூடுகிற ஊரில் மூன்று பந்தி உட்காராமல் வந்தால் ஆறுகளுக்கு அவமரியாதை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போய்விட்டேன். சைலேன் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு நீ டிரம்மோடு வந்து இறங்கினாய்.

“மாவு ஆச்சா அண்ணாத்தே?”

“ஆச்சாவா? அதைப் பாலாத்துல போட்டா கடலு வரைக்கும் மெதந்துக்கினு போவும்!”

“டம்ளர்ல போட்டுப் பாத்தியா?”

இந்த இடத்தில் என் கை செய்ததை எழுத விரல் கூசுகிறது. மூலையில் வேறு வேலைக்கு வைத்திருந்த டால்க் மூட்டை. டால்க் பிறவியிலேயே தண்ணீரில் நனையாத பொடி. அதில் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் தூவி உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அது அழகாக மிதந்தது. நீ மாவுத் தட்டுக்குப் போய் உன் கையால் ஒரு சிட்டிகை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. “சரி, கலக்கலாம்” என்றாய்.

பலகை முதலில் பாறையாகத்தான் இருந்தது. அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினேன், ஊர் கை தட்டியது. ஆனால் ராப்பகல் தண்ணீரிலேயே நிற்கிற பொருளுக்குப் பரீட்சை வேறு. கை பிடிக்காத ஒவ்வொரு மணல் மணியைச் சுற்றியும் தண்ணீர் மயிரிழையாக நுழையும். ஒரு மழைக்காலம் தாங்கியது. தை பிறந்து, நெல் பால் பிடிக்கும் நேரத்தில், பலகை குறுக்கே இரண்டாக உடைந்து, சித்தேரி முழுவதும் கால்வாயில் ஓடிப்போனது. தாழ்ந்த வயல்களில் பயிர் சாய்ந்தது. மேட்டு வயல்களில் கதிர் பதரானது.

கரையில் ஊரே நின்றது. நீ சேற்றில் இறங்கி உடைந்த பாதியைத் தூக்கி வந்தாய். உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாய். மணல் மணியெல்லாம் கழுவி வைத்ததுபோல, ஒரு பொட்டு ரெசின்கூட ஒட்டாமல், பொலபொலவென்று உதிர்ந்தது. நீ தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் எதிர்க்கரையில் இருந்த கொக்கின் இறகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“இன்னாடா பண்ணி வெச்ச?” என்று சித்தப்பா கேட்டார். உன்னைப் பார்த்து அவர் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“கணக்கு தப்பிப்போச்சுங்க” என்றாய்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். வந்தது இதுதான்: “பெரிய வெராலு ஒண்ணு மோதியிருக்கும் சித்தப்பா!” நாலு பேர் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உன் பக்கம் திரும்பியபோது எவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னைக் கேட்டேன். கேட்கிற அளவுக்கு எனக்கு முகம் இருந்தது பார்.

“உன் பேரைச் சொன்னா உங்க ஆளுங்க நம்பவா போறாங்க? ஊர் வூட்டுப் புள்ள மேல பழி போடறான்னு இன்னும் ரெண்டு சேத்துப் பேசுவாங்க. நீ சொன்னாத்தான் அண்ணாத்தே அது நிக்கும்.”

நீ சொன்னால்தான் நிற்கும். நான் சொல்லியிருந்தால் சித்தப்பா நாலு திட்டு திட்டிவிட்டு, மறுநாள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்த்திவைத்திருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் இது மன்னிக்க முடியாத தப்பு. எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

அதற்குப் பிறகு உன் கையால் ஒரு சிலாப் ஊற்ற இந்தச் சுற்றுப்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறினாய். கணக்குப் போடுகிற கை பெல்ட்டில் வருகிற டப்பாவுக்கு மூடி போட்டது. இங்கே என் விரால் மட்டும் வளர்ந்தது. முதலில் முழ நீளம், அப்புறம் ஆள் நீளம், கடைசியில் ஜன்னல் வைத்த பஸ் நீளம். நீ ஊருக்கு வருகிற ஞாயிறுகளில் உன் எதிரிலேயே அதைச் சொன்னேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாய்.

போன வாரம் காலனியில் உன் படத்திறப்பு. தள்ளாத வயதிலும் சித்தப்பா வந்திருந்தார். என்னைப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், மூன்று பந்தி, திறக்காத பாட்டில், டம்ளரில் தூவிய டால்க், ஒன்று விடாமல். சொல்லி முடித்துவிட்டு அடிவிழக் காத்திருந்தேன்.

முதலில் சித்தப்பாதான் சிரித்தார். “பாத்தியா, செத்தவனைக் காப்பாத்த இவன் எப்பேர்ப்பட்ட ரீலு சுத்தறான்!” கூட்டம் மொத்தமும் சிரித்தது. கை தட்டினார்கள். உண்மையை நான் வழக்கமான என் குரலில்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேறு குரல் இல்லாமல் போய்விட்டது. சத்தியமா சொல்றேன் என்று மைக்கில் கத்தினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

உன் மனைவி சிரிக்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, அவ்ளோ சொன்னீங்களே. அதுல எதுனா ஒண்ணு நெஜமா கீதுங்களா?”

எல்லாமே என்று சொல்லியிருக்க வேண்டும். மைக்கில் ஊருக்கே சொன்னவனுக்கு, ஒரு முழ தூரத்தில் அவள் கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இன்றைக்கும் எழவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

“ஒண்ணே ஒண்ணு நெஜம்தான்மா,” என்றேன். “அவன் கணக்கு தப்பல.”