ஒரு பாதசாரி

மார்ச் 3

சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

இன்று காலை எங்கள் சந்தின் நடுவில் கேட் போட்டுவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி, பக்கத்தில் அட்டை தட்டும் கறுப்புப் பெட்டி, ஒரு நாற்காலி, அதில் ஒரு காவலாளி. உங்கள் கம்பெனி வளாகத்துக்கு வாசல் வைக்க ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

அத்தான் வழக்கம்போல ரயில்வே ஸ்டேஷனுக்கு வேலைக்குக் கிளம்பினார். கண் போன பிறகு அவர் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் போகிற ஒரே வழி அந்தச் சந்துதான் என்று உனக்குத் தெரியும். சுவரைத் தடவிக்கொண்டே நேராகப் போனால் ஸ்டேஷன் படி. அதில் ஏறினால் அவர் மைக்கில் ரயில் வருவதைச் சொல்லும் அறிவிப்பு அறை. இன்றைக்குக் கைத்தடி கம்பியில் இடித்து நின்றது. "தம்பி, இது எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார். "கார்டு இருந்தா இப்பவே திறக்கும் சார்" என்றானாம் காவலாளி.

போன வருஷம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வளாகத்துக்கு நீ வரைந்த பெரிய வரைபடத்தை விரித்து, அவர் விரலைப் பிடித்து ஒரு கோட்டின் மேல் இழுத்துக் காட்டினாயே. "அத்தான், இதுதான் உங்க சந்து. வளாகத்துக்கு நடுவுல போனாலும் இது எல்லாருக்கும் பொது. யாரும் தொட மாட்டாங்க" என்றாய். அவர் அதை ஸ்டேஷன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பதில் எழுது.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கத்துவாய் என்று பயந்துதான் போனை வைத்தேன். கடிதத்திலும் கத்தத்தான் செய்கிறாய்.

நான் வரைந்தது திறந்த சந்துதான். என் வரைபடத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. வளாகப் பாதுகாப்பு அதிகாரி கடைசி நேரத்தில் கேட் வேண்டும் என்றார். அந்த நிலம் பத்திரப்படி கம்பெனியுடையது. ஜனங்கள் நடந்து பழகியதால் அது தெருவாகிவிடாது என்று வக்கீலும் சொல்லிவிட்டார். நான் மூன்று கூட்டத்தில் சண்டை போட்டேன். தோற்றேன். ஆனால் பஸ் நிறுத்தமும் சைக்கிள் பாதையும் யாரால் வந்தன? நான் இல்லாவிட்டால் அங்கே மதில் மட்டும்தான் இருந்திருக்கும்.

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அத்தானுக்காக மட்டும் கெஞ்சி வாங்கியது. தட்டினால் கேட் திறக்கும். மற்றதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

உன் தம்பி

ஏப்ரல் 2

சின்னவனே,

அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் ஓரம் உடைந்திருக்கிறது. எப்படி உடைந்தது என்று சொல்கிறேன், கேள்.

அது கிடைத்த அன்று அத்தான் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வழவழப்பு. தலை சீவவும் ஆகாது, முதுகு சொறியவும் ஆகாது" என்று சிரித்தார். இருந்தாலும் நீ வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று முன்தினம் அவர் கேட்டைத் திறக்கும்போது பின்னால் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு "வாம்மா" என்றார். "ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான் சார்" என்று காவலாளி மறித்தான். "அப்ப நானும் சுத்தியே போறேன்" என்று அவளோடு திரும்பிவிட்டார். அவர் அப்படித்தான். நீ அறியாததா?

பெரிய சாலையில் கார்கள் வேகம் குறைக்காமலே உங்கள் வளாகத்துக்குள் திரும்புவதற்கு ஒரு வளைவு இருக்கிறதே, அங்கே இருவரும் கடந்தார்கள். அவள் ஓடித் தப்பினாள். அவரை ஒரு கார் தட்டிவிட்டுப் போயிற்று. வலது கையில் எலும்பு முறிவு. இடுப்பில் நல்ல அடி. அட்டை சட்டைப் பையிலேயே உடைந்தது.

"காலையில ஒரு வண்டிகூட நிக்காதுக்கா" என்று அந்த வளைவைத்தானே என்னிடம் பெருமையாகக் காட்டினாய்? நிற்கவில்லை. நீ சொன்ன மாதிரியே ஒரு வண்டியும் நிற்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அத்தனை பேர் நடுவில், வராந்தாவில், "எனக்குத் தம்பி இல்ல. இவரு கம்பெனி ஆளு" என்று நர்ஸிடம் சொன்னாய். உள்ளே அத்தான் என் செருப்புச் சத்தம் கேட்டு "சின்னவனா?" என்றார். அது என் காதில் விழுந்தது. உன் காதிலும் விழுந்தது. அப்படியும் நீ கதவை விட்டு நகரவில்லை.

எனக்கும் கோபம் வரும், அக்கா. எல்லாப் பழியும் என் தலையிலா? உன் மகள் அதே வளாகத்தில்தான் வேலை பார்க்கிறாள். தினமும் அதே கேட்டில் அட்டை தட்டிவிட்டுப் போகிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த வேலைக்கு நீதான் என்னிடம் நடையாய் நடந்தாய். கம்பெனி அப்போது இனித்தது, இப்போது கசக்கிறதா?

அடுத்த மாதம் இந்தக் கேட்டையும் விபத்தையும் பற்றி நகராட்சியில் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. கம்பெனி சார்பில் நான்தான் பேச வேண்டும். என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

தம்பி

மே 20

உனக்கு,

மகளைக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். "நான் அங்க வேலை பாக்குறேம்மா. அந்தக் கேட்டை நான் வரையல" என்றாள். எனக்கும் அவளுக்கும் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நேற்றைய கூட்டத்தில் நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். நீ பார்த்தாய். பார்த்ததும் கையில் இருந்த தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். நீ வாசிக்கத் தொடங்கியதும் அத்தான் என் பக்கம் சாய்ந்து, "நம்ம சின்னவன் குரல்தானே? தொண்டை கட்டியிருக்கு போல. தண்ணி குடுக்கச் சொல்லேன்" என்றார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தேன்.

அப்போதுதான் அதை வாசித்தாய். "காயமடைந்த பாதசாரி, கடப்பதற்கென்று கோடு போட்ட இடத்தில் கடக்கவில்லை."

கோடு போட்ட இடம் எங்கே இருக்கிறது? பெட்ரோல் பங்க் தாண்டி அடுத்த சிக்னலில். கோட்டை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்? இதெல்லாம் தெரிந்தவன் அந்த மண்டபத்திலேயே நீ ஒருவன்தான்.

பாதசாரி! கல்லூரிக் காலம் முழுக்க அவர் வீட்டில் அவர் மகனைப் போல வளர்ந்தவன் நீ. பரீட்சை நாட்களில் ஸ்டேஷனில் இரவு வேலை முடித்து வந்து உன்னை எழுப்பிவிட்டுத்தான் அவர் தூங்கப் போவார். அவருக்கு நீ வைத்த பெயர், பாதசாரி.

நான் தண்ணீரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "குடுத்தியா?" என்று கேட்டார். "குடுத்தேன்" என்றேன். நேற்று உன்னால் அவரிடம் பொய்யும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14

அக்காவுக்கு,

கேட்டை எடுத்துவிட்டார்கள். இதற்குள் பார்த்திருப்பாய். சந்து இனி எல்லாருக்கும் எந்நேரமும் திறந்திருக்கும். அந்த வளைவையும் அடுத்த வாரம் உடைக்கிறார்கள். அங்கே கார் நின்றுதான் திரும்ப வேண்டியிருக்கும். கடக்கிறவர்களுக்கு மேடு ஏற்றிய பாதை வருகிறது.

நகராட்சி உத்தரவு போட்டது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். உத்தரவு வரவே இல்லை. கூட்டம் முடிந்த மறுநாள் காலை இயக்குநரைக் காரை விட்டு இறக்கி அந்த வளைவுக்கு நடத்தியே கூட்டிப் போனேன். "சார், கண்ணை மூடிக்கிட்டு இதைக் கடந்து காட்டுங்க" என்றேன். கண்ணைத் திறந்துகொண்டே அவரால் கடக்க முடியவில்லை. இரண்டு முறை கால் வைத்து இரண்டு முறையும் பின்வாங்கினார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேட்டது கிடைத்தது. என்னையும் திட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்போது கார் நிறுத்துமிடத்தில் தூண்களுக்கு எண் போடுகிறேன்.

அந்த வாக்கியம் வக்கீல் எழுதியது. நான் வாசிக்காவிட்டால் வேறொருவன் வாசித்திருப்பான். மறுநாள் இயக்குநரைக் கூப்பிட எனக்கு வாய் இருந்திருக்காது. இது உனக்குப் புரியவில்லை என்றால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உள்ளே இருந்து ஒன்றைச் செய்து முடிப்பது எப்படி இருக்கும் என்று வெளியே நின்று கத்துகிறவர்களுக்குத் தெரியாது. நான் செய்து முடித்தேன். இனியாவது பேசு.

தம்பி

ஜூன் 25

சின்னவனுக்கு,

கேட் போய்விட்டது. வளைவை உடைப்பதையும் பார்த்தேன். இரண்டும் உன்னால்தான் என்று நீ சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். நீ பொய் சொல்கிறவன் இல்லை, எழுதிக் கொடுத்தால் தவிர. தெருவில் இருக்கிற எல்லாருக்காகவும் நன்றி சொல்கிறேன். அக்காவாகச் சொல்லவில்லை.

வேறொருவன் வாசித்திருப்பான் என்கிறாய். வாசித்திருக்கட்டுமே. யாரோ ஒருவன் வாசித்திருந்தால் அத்தானுக்கு அது வெறும் வாக்கியம். வீட்டுக்கு வந்து கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "நான் கோட்டுலதான் போயிருக்கணுமோ?" என்று என்னைக் கேட்டார். நீ சொன்னதால் அதை நம்பிவிட்டார். அந்த மனிதருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டைக் கழற்றலாம், தார்ச்சாலையை உடைக்கலாம். இதை எந்த எந்திரம் வைத்து உடைப்பாய்?

அவருக்குக் கோபம் தங்காது. "பய தூணுக்கு நம்பர் போடுறானாமே, பாவம்" என்று உனக்காக வருத்தப்படுகிறார். உன்னை வரச் சொல்கிறார். நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் அப்படி நின்றது தப்பு. அவருடைய கதவு அது, என்னுடையது இல்லை.

வியாழக்கிழமைகளில் மருந்துக் கடையில் எனக்கு மாலை வேலை. அன்றைக்கு வா. இருவருக்கும் சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் போகிறேன். அவருக்கு இடது கையால் பிசைந்து சாப்பிடச் சிரமமாக இருக்கிறது, நீ ஊட்டினால் மறுக்க மாட்டார். கோட்டில் போயிருக்க வேண்டுமோ என்ற அந்தக் கேள்வியை உன்னிடமும் கேட்பார். தாளைப் பார்க்காமல் பதில் சொல்.

நான் வருவதற்குள் கிளம்பிவிடு.

அக்கா