இரண்டு பெட்டி எவர்சில்வர்

1966, தை மாதம், வெள்ளி இரவு.

வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து பாத்திரக் கடைக்கு என்ன வாங்குவதென்று கொழுந்தன் கோபால்தான் சொல்வான். நான் தலையாட்டுவேன். இன்று ஆட்டவில்லை.

மதியம் ஒரு ஏஜெண்ட் எவர்சில்வர் பாத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினார்.

"செஞ்சியில இத எவன் வாங்குவான்? பித்தளையே போதும்" என்றான் கோபால்.

நான் ஒரு சொம்பைக் கையில் எடுத்தேன். மனசு குளிர்ந்தது. வீட்டுக்காரர் போன பிறகு எதைத் தொட்டும் எனக்கு அப்படி ஆனதில்லை. சீர் வாங்க வரும் பெண்களும் இதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள் என்று பட்டது.

"ரெண்டு பெட்டி இறக்குங்க" என்றேன்.

"இன்னா அண்ணி இது? போட்ட பணம் போச்சின்னா?"

"போனா என் பணம் தம்பி. கடையும் என்னுதுதான்."

கோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கணக்கு நோட்டோடு உட்கார்ந்துவிட்டான். கடை சாத்தும் நேரத்தில் அவனே எழுந்து, குடங்களை நகர்த்திவிட்டு எவர்சில்வரை முன்னால் அடுக்கினான்.

"வாங்கியாச்சி. தெரியற மாதிரியாவது இருக்கட்டும்" என்றான்.

விற்குமா, தெரியாது. பயம் இருக்கத்தான் செய்கிறது. இத்தனை நாள் அந்தப் பயத்தையே புத்தி என்று நினைத்திருந்தேன். இன்று நன்றாகப் பசித்தது. ரசம் சோறு இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். கண் சொக்குகிறது.