வெள்ளிக்கிழமை மாத்திரை

பட்டாபிராம்,
22-11-1992

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வேம்பு எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். எழுத வேண்டுமே என்று எழுதும் சுகம் இல்லை, நிஜமாகவே சுகம். நாசிக்கில் குளிர் ஆரம்பித்திருக்கும். குழந்தையைக் குல்லா இல்லாமல் வெளியே தூக்கிப் போக வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

அண்ணா, நைனா குடிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோதண்டம் மாமா உங்களுக்கு எழுதியதும் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். ஆவணி மாதத்தில் ஒரு காலை நேரம், பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் நைனா வேர்த்துக் கொட்டி, கால் பின்னி விழுந்தார். தூக்கப் போன மாமாவையே வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்புறம் இரண்டு முறை கம்பெனி கேட்டிலும் அப்படியே ஆனது. என்னைக் காலேஜில் சேர்த்த அன்று வேம்புலியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர் நான்கு வருஷம் தாங்கி மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று நாங்களும் நம்பினோம்.

மூன்று மாதம் அம்மா அவர் முகம் பார்த்துப் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தம்தான் பேச்சு. நைனா, “சத்தியமா தொடல தாயம்மா” என்பார். “கையால தொட்டிருக்க மாட்டே, கிளாஸோட ஊத்திகினு இருப்பே” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

மூன்று முறை விழுந்ததும் வெள்ளிக்கிழமை. அதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். சத்தியம் செய்த நாளிலிருந்து நைனா வெள்ளிக்கிழமைகளில் மதியம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். “வெரதம்னு சொல்லிகினு வெறும் வயித்துல ஊத்துது” என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். என்னைக் கூப்பிட்டு, “நீ பி.எஸ்சி. படிச்சவ. இந்த வெள்ளிக்கெழம நைனா கூடவே வண்டி ஏறு. எந்தக் கடையில நொழையுதுன்னு பாத்துகினு வந்து சொல்லு” என்றாள். இதற்கும் பி.எஸ்சி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டைப்ரைட்டிங் கிளாஸ் காலையிலேயே ஆரம்பிக்கிறது என்று நைனாவிடம் பொய் சொல்லிவிட்டு, போன வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆறு இருபது வண்டியில் ஏறினேன். லேடீஸ் பெட்டி இருக்க ஆண்கள் பெட்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. நைனாவுக்கு ஒரே பெருமை. உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும், “எம் பொண்ணு. பி.எஸ்சி.” என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஜன்னல் கம்பிக்குள் புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

தினமும் அதே இடத்தில் உட்காரும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர். கலியமூர்த்தி மாமாவுக்குப் பெரம்பூரில் வேலை. அய்யாசாமி மாமா சென்ட்ரல் பக்கத்தில் ஒரு ஆபீஸில் பியூன். மூன்று பேருக்கும் சர்க்கரை வியாதி. ஆவடி தாண்டியதும் அய்யாசாமி மாமா பையிலிருந்து ஒரு எவர்சில்வர் வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே வெற்றிலை இல்லை. அட்டையிலிருந்து உரித்துக் கொட்டிய வெள்ளை மாத்திரைகள். சிறிசு, பெரிசு, நடுவில் கோடு போட்டது, போடாதது எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

“துலுக்கானம், கைய நீட்டு” என்றார். நைனா நீட்டினார். பெட்டியைக் குலுக்கி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கலியமூர்த்தி மாமாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “ஒரு மாசம் ஒருத்தன் டிஸ்பென்சரியில மருந்து இருக்காதும்மா. அடுத்த மாசம் இன்னொருத்தனுக்கு இருக்காது. அதான் ஆடி மாசத்துலேந்து மூணு பேருதும் ஒரே பொட்டியில. எவனும் மாத்தர இல்லாம நிக்கக் கூடாது பாரு” என்று விளக்கினார்.

டாக்டர் நைனாவுக்கு எழுதிக் கொடுத்தது கோடு போட்ட மாத்திரை. அதைப் பாதியாக உடைத்து, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அவர் கையில் இருந்ததில் கோடு இல்லை. அது முழு மாத்திரை, அவர் வயிறோ காலி. எனக்குச் சொல்ல வாய் வந்தது. சுற்றிலும் இருபது முப்பது ஆண்கள். வாயை மூடிக்கொண்டேன். நைனா தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டார்.

அண்ணனூர் தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் ஏதோ சரக்கு வண்டி மாட்டிக்கொண்டதாம். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது, வண்டி நகரவில்லை. எட்டு மணி இருக்கும், நைனாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, “யாரும்மா நீ, எங்க எறங்கணும்?” என்று கேட்டார். கலியமூர்த்தி மாமா தோளைத் தொட்டதும், “ஏய், கைய எடுடா” என்று நாக்குக் குழறக் கத்தினார். ஜன்னல் ஓரம் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், “காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துட்ச்சிபா பெருசு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் குனிந்து நைனாவின் வாயை மோந்து பார்த்தேன். மகள் செய்கிற காரியமா என்று தோன்றியது, ஆனாலும் செய்தேன். ஒரு வாடையும் இல்லை. நெற்றி விபூதியின் வாசனை மட்டும்தான்.

எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு அண்ணா. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் என்ன ஆகும் என்று முக்கால் பக்கம் போட்டிருக்கும். குறைந்தால் என்ன ஆகும் என்று நாலு வரி. அந்த நாலு வரியும் என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

எழுந்து நின்றேன். “எங்க நைனா குடிக்கல. மாத்திர போட்டு சாப்பிடாம சக்கர எறங்கிடுச்சி. யார்கிட்டயாவது இனிப்பு இருந்தா குடுங்க” என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

முதலில் கலியமூர்த்தி மாமாதான் சாப்பாட்டுப் பையின் அடியில் கை விட்டு இரண்டு கடலை மிட்டாய் எடுத்தார். “ஊட்ல சொல்லிடாதேம்மா” என்றார். அடுத்து அய்யாசாமி மாமா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஜிலேபி. கலியமூர்த்தி மாமாவுக்கு வந்ததே கோபம். “அடப்பாவி, டீயில சக்கர போட்டதுக்கு நேத்து என்னை அந்தக் கிழி கிழிச்சியேடா” என்றார். “நீ இன்னா, கடல மிட்டாய மருந்துக்கா வெச்சிகினு கீறே?” என்று இவர் திருப்பிக் கேட்டார். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் ஜிலேபியைப் பிய்த்துப் பிய்த்து நைனா வாயில் வைத்தேன். நல்லவேளை, மென்று விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். நைனா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார். “இன்னா வேம்பு, வாயெல்லாம் இனிக்குது?” என்றார். சுற்றிப் பார்த்துவிட்டு, “சக்கர வியாதிக்காரனுக்கு எவன்டா ஜிலேபி குடுத்தவன்?” என்று அதட்டினார். பெட்டியே சிரித்தது. பெருசு என்று சொன்னவர் எழுந்து வந்து ஜன்னல் இடத்தை அவருக்குக் கொடுத்தார். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஆவடியில் ஒரு டாக்டரம்மாவிடம் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெற்றிலைப் பெட்டியை மேஜையில் கவிழ்த்துப் பிரித்தார். நான்கு வகை மாத்திரை இருந்தது. அதில் ஒன்று ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்று வேலை செய்யுமாம். “இது என்ன கோயில் சுண்டலா, கை நீட்டினவங்களுக்கெல்லாம் அள்ளிப் போட? இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை போயிருந்தா உங்க பொண்ணு எங்கிட்ட வந்திருக்க மாட்டா, உங்களைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க” என்றார். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஒவ்வொருவர் மாத்திரையையும் தனித்தனி உறையில் போட்டு, பேர், எப்போது, எத்தனை, சாப்பிட்ட பிறகு என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நைனாவின் உறையில் மட்டும் சோற்றுத் தட்டும் பாதி மாத்திரையும் படமாக வரைந்தேன். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் வந்து மற்றவர்களுக்கும் இப்படி எழுதிக் கொடுத்து விளக்கிச் சொல்கிறாயா, சம்பளம் தருகிறேன் என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். நேற்று முதல் நாள் போய் வந்தேன். பதினொரு பேரிடம் பேசினேன் அண்ணா, அதில் ஏழு பேர் ஆண்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அரிசி முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் நைனாவிடம், “குடிக்கலன்னு ஒரு வார்த்த அடிச்சி சொல்லக் கூடாதா?” என்றாள். “தெனம்தான் சொன்னேன்” என்றார் நைனா. “அது சொன்னதா? கெஞ்சினே” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே எழுந்து நாலு இட்லி வைத்து, “ஆத்தாளுக்கு நான் பட்டினி கெடக்கறேன். நீ துன்னுட்டு மாத்தர போட்டுகினு போ” என்றாள். நைனா இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மீதி இரண்டையும் தின்ற பிறகுதான் அவள் அடுப்படிக்குப் போனாள்.

கோதண்டம் மாமா விஷயம் தெரிந்து வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். நான் முந்திக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

போன மாதம் உங்கள் கடிதம் வந்தபோது நைனா எதிரில் உட்கார்ந்துகொண்டு வாசிக்கச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. குடிகாரன் இருக்கும் வீட்டு வாசலுக்குப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன், இனி அந்த ஆளுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் நீங்கள் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அதை வாசிக்க வாய் வரவில்லை. குழந்தை நன்றாகக் கை காலை உதைக்கிறான், மூக்கு நைனா மாதிரியே இருக்கிறது, லீவு கிடைத்தால் தை மாதம் கொண்டுவருகிறோம் என்று வாசித்தேன். நைனா இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். அதையே மறுபடி, வார்த்தை மாறாமல் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

ஆறு இருபது வண்டியில் எல்லோருக்கும் தெரியும், துலுக்கானத்தின் பேரன் தைக்கு வருகிறான் என்று.

இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறாய் என்கிறார். ரயிலில் நடந்ததை என்றேன். “அதெல்லாம் எழுதி அவன பயமுறுத்தாதே. லீவு கெடச்சிதான்னு மட்டும் கேளு” என்கிறார். கேட்டுவிட்டேன்.

நீங்களும் அண்ணியும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் அண்ணா. எனக்குப் பொய் அவ்வளவாக வராது. உங்கள் பதிலையாவது உள்ளதை உள்ளபடி அவருக்கு வாசித்துக் காட்ட எனக்கு வழி செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
வேம்பு