ஓட்டுத் துண்டில் முட்டைகள்

4, திங்கள்

இரத்தோட்டையில் காலையிலிருந்து மழை. பெண்டாட்டி செல்வி கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நாளை அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். கோமாளி மீன் தொட்டி என் பொறுப்பில். உள்ளே கிடக்கும் கூரை ஓட்டுத் துண்டில் செம்மஞ்சள் முட்டைகள், இன்று ஐந்தாம் நாள். முன்பு இரண்டு தடவை இட்டதெல்லாம் மூன்றாம் நாளே வீண். செல்வி தொட்டிக் கண்ணாடியில் எழுதி ஒட்டியது:

- தீனி இரண்டு வேளை, ஒரு சிட்டிகை.
- காற்று மோட்டார் நிற்கக் கூடாது.
- தண்ணீர் குறைந்தால் கோடு வரை ஊற்றவும்.

எந்தத் தண்ணீர் என்று இல்லை. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே. திருகோணமலையிலிருந்து கொண்டுவந்த கேனில் மிச்சம் கிடந்ததை ஊற்றினேன்.

5, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மீனில் பெண்தான் பெரியவள், தொட்டி முழுக்க அவள் அதிகாரம். அப்பன் சின்னவன். பூ மாதிரி விரிந்து கிடக்கும் கடல் சாமந்தியை ஒட்டியே நின்று, செட்டையால் முட்டைகளுக்கு விசிறுகிறான். முட்டைக்குள் வெள்ளிக் கண்கள்! போனில் சொன்னதும் செல்வி அழுதுவிட்டாள்.

"நெசமாவா? இன்னும் மூணு நாள்ல பொரிச்சிரும்ங்க. கடல்னா குஞ்செல்லாம் அலையோட போயி, பத்து நாள் கழிச்சுத்தான் ஒரு சாமந்தியத் தேடி வந்து ஒட்டிக்கும்."

தண்ணீர் மறுபடி கோட்டுக்குக் கீழே. கேன் காலி. சமையல் உப்பு மூன்று பிடி கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து ஊற்றினேன். கடல் மாதிரியே இருந்தது. நான் கடலில் இறங்கியதே வாழ்க்கையில் இரண்டு தடவை.

6, புதன்

முட்டைகளில் பாதி வெளுத்துவிட்டது. அப்பனுக்கு மேல்மூச்சு. போனில் சும்மா கேட்பது போல, எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"ஊத்துத் தண்ணிதாங்க. ஆவியாகுறது தண்ணி மட்டும். உப்பு அப்பிடியே தொட்டியிலதான் இருக்கும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

குவளையோடு தொட்டிக்கு ஓடினேன். கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்றுத் தண்ணீர். மறுபடியும். சொல்லப் பயமாக இருக்கிறது.

7, வியாழன்

எல்லாம் வெள்ளை. அப்பனே ஒவ்வொன்றாகத் தின்றான். செத்த முட்டையை அப்படித்தான் தின்னுமாம், அவள் புத்தகத்தில் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மழை.

8, வெள்ளி

செல்வி நாலு மணி பஸ்ஸில் வந்தாள். பையை இறக்காமல் நேரே தொட்டிக்கு. ஓடு துடைத்த மாதிரி சுத்தம்.

"பொரிச்சிருச்சாங்க?"

ஆமென்று தலையை ஆட்டித் தொலைத்தேன். இருட்டில் வெளிச்சத்தைத் தேடி வருமாம், திரைச்சீலையை இழுத்து மூடி, டார்ச் அடித்துக் குஞ்சு தேடிக்கொண்டிருக்கிறாள்.

"இந்த மூலையில ஒன்னு ஓடுச்சு, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.