ஹெட்போன் ஓட்டையில் சந்தனம்

உ
சிவமயம்

மவுண்ட் ரோஸ்கில்,
ஓக்லாந்து.
16.11.1997

அன்புள்ள மகள் நிசாந்தினிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நீயும் மருமகனும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதவேண்டும், எல்லாக் கடிதத்திலும் எழுதினேன், இன்றைக்குக் கை மறுக்கிறது. நீ சாப்பிட்டுவிட்டு, கதிரையில் உட்கார்ந்து இதை வாசி. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, அப்பா லப்டொப் கேக்கிறாரோ அம்மா என்று கேட்கிறாய், ஓம் ஓம், ஒரு நாளும் விடுறேல்லை என்று நானும் சொல்லிவிடுகிறேன். அந்த லப்டொப்பில் சத்தம் வந்து ஐந்து கிழமைக்கு மேலாகிறது பிள்ளை. அதைக் கெடுத்தவள் நான்தான். அப்பா பக்கத்தில் இருக்கும்போது போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாசியில் பாரிசவாதம் வந்து அப்பாவின் பேச்சு நின்றதும், நீ ஆனியில் லீவெடுத்து ஓடிவந்து அறுபது சொல்லை உன் குரலிலேயே அதில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் படமும் போட்டு வைத்துவிட்டுப் போனாய். செவ்வாய்க்கிழமைகளில் வருகிற பேச்சுப் பயிற்சிப் பெண் நல்ல பிள்ளைதான், ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கோ அவள் காட்டுகிற இங்கிலீசுச் சொல் ஒன்றும் நாக்கில் ஏறவில்லை. உன் குரலுக்கு மட்டும் ஏறியது. காலைத் தேத்தண்ணி குடித்ததும் தானே ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவார், நீ உள்ளே கதவு என்பாய், அவர் வெளியே கதவு என்பார், எனக்குக் குசினியில் கேட்கும், போனில் ஒருவர் கதைப்பதை மட்டும் கேட்பதுபோல இருக்கும். நவராத்திரி தொடங்குகிறபோது இருபத்தொரு சொல் வந்துவிட்டது. அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள்.

அந்தச் சந்தோசம்தான் என் புத்தியைக் கெடுத்தது. சரஸ்வதி பூசைக்கு அப்பாவின் பழைய புத்தகங்களோடு இதையும் வைக்கவேண்டும் என்று தோன்றியது, அவருக்குப் பேச்சுத் தருகிற சாமான் அல்லவா, இதைவிட ஏடு வேறு எது? ஹெட்போன் வயரைக் கழற்றிச் சுற்றி, துடைத்து, பட்டுத்துணியில் வைத்து, நாலு மூலைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஹெட்போன் செருகுகிற, உன் குரல் வருகிற அந்தச் சின்ன ஓட்டைக்கு நேரே இன்னொரு பொட்டு, நல்ல தடிப்பாக, என் கையாலேயே வைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்துவிட்டேன் போல, உள்ளே இறங்கியிருக்கிறது. பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று மூன்று நாளும் ஒரு விரல் படவில்லை, அது உள்ளே காய்ந்து கல்லாகிவிட்டது.

விசயதசமியன்று காலமை, குழந்தைப் பிள்ளைக்கு ஏடு தொடக்குவது மாதிரி அப்பாவை முழுகவார்த்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, கிழக்குப் பார்த்து இருத்தினேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஹெட்போன் வயரைச் செருகினால் போகவில்லை. கொண்டை ஊசியால் கிண்டினேன், கொஞ்சம் தூளாக வந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்ற அவசரத்தில் திருப்பித் திருப்பி அமத்தினேன். டக் என்று ஒரு சத்தம். வயர் என் கையோடு வந்துவிட்டது, அதன் முனை உள்ளே முறிந்து நின்றுவிட்டது. ஐயோ என்று நான் தலையில் அடித்ததைப் பார்த்து அப்பா பயந்துபோனார்.

டெயரி என்கிற மூலைக் கடைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற ஜக்தீஷ் என்ற பிஜிக்காரர் இருக்கிறார், அவரிடம் ஒரு பையில் சுற்றிக்கொண்டு போனேன். மூன்று நாலு தலைமுறைக்கு முன் இவர்களும் தென்னிந்தியாவிலிருந்து போன ஆட்கள்தானாம், தமிழ் ஒன்றும் மிஞ்சவில்லை, இங்கிலீசில்தான் கதைத்தார். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். முனை உள்ளே நிற்பதால் ஹெட்போன் இன்னும் மாட்டியிருக்கிறது என்று மெசின் நினைக்கிறதாம், அதனால் தன்னுடைய ஸ்பீக்கரிலும் சத்தம் விடாதாம். அதை இழுத்தால் ஓட்டையும் சேர்ந்து கழன்றுவிடுமாம், அது உள்ளே பெரிய பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியதாம், தன்னிடம் உள்ள கருவிக்கு அது அகப்படாதாம், தொட்டால் முழுதும் போய்விடும் ஆன்ட்டி என்று கையை விரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மகளின் குரல் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை என்றார். நான் அந்தக் கடையிலேயே நின்று அழுதுவிட்டேன். பெரிய டொக்டர் உன் அப்பாவைப் பற்றியும் இதையேதான் சொன்னார்.

இப்போதும் அவர் விடுகிறார் இல்லை. தேத்தண்ணி குடித்ததும் அந்த முறிந்த வயரோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். படம் வருகிறது, வாயைத் திறந்து காத்திருக்கிறார், உன் குரல் வரவில்லை, அடுத்த படம் வருகிறது. அரை மணித்தியாலம். நான் கழற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். நீ கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறாரோ என்னவோ. குளிர்ப்பெட்டியில் நீ ஒட்டின பட்டியலைப் பார்த்து நானே பக்கத்தில் இருந்து சொல்லிப் பார்த்தேன், கோபம் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். முப்பத்தொரு வருடத்தில் நான் சொல்லி அவர் எதைக் கேட்டார், இதைக் கேட்க! வந்த சொற்களில் சாவி முதலில் போனது. பிறகு கண்ணாடி, கதவு, செருப்பு. நேற்றுத் தண்ணி வேண்டும் என்று மேசையில் அடித்தார், தண்ணி என்று வரவில்லை. நாலு சொல்தான் மிச்சம். மார்கழி பதினாறாந் திகதி அந்தப் பெண் வந்து கடைசியாகப் பார்ப்பாளாம், முன்னேற்றம் இல்லாவிட்டால் வருவதை நிறுத்திவிடுவார்களாம், ஒரு வருடத்தில் வராத பேச்சு பிறகு வருவது குறைவு என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு நம்பிக்கை இல்லை பிள்ளை, பொய் எழுதி என்ன செய்ய? குசினியில் சமைத்துக்கொண்டு நின்று காதைக் கொடுக்கிறேன், வீடு செத்துப்போய்க் கிடக்கிறது.

என்னை எவ்வளவும் ஏசு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைக் கண்டதும் அந்த அறுபதையும் ஒரு கசெட்டில் பதிந்து கெதியாக எயார்மெயிலில் போடு. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அப்பா சொல்ல இடம் விடு, நல்லாக விடு, இப்போது அவருக்கு முந்தியைவிட நேரம் எடுக்கிறது. பழைய கசெட் ரேடியோ வேலை செய்கிறது, அதன் பக்கத்தில் ஒரு பொட்டும் வைக்கமாட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் நடக்கும்போது கவனம், மருமகனுக்கு இருமல் என்றாயே, மல்லித்தண்ணி வைத்துக் கொடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும் என்று அப்பாவின் கையையும் என் கையோடு சேர்த்து வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

மறக்காமல் இன்னொன்று. நீ பட்டியலில் என் படத்தைப் போட்டு அம்மா என்று பதிந்தாய். மிஞ்சின நாலில் அதுவும் ஒன்று, அப்பா என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். பயிற்சிப் பெண் கைதட்டினாள், நானும் சிரித்தேன், பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கலியாணம் கட்டின நாள் தொட்டு அவர் என்னைப் பேர் சொல்லாமல், இங்கே பாரும் என்கிறதுபோல, இஞ்சேரும் என்றுதானே கூப்பிட்டவர். அதை நான் சொல்லிக்கொடுக்க ஏலாது, நான் சொன்னால் நான் அவரைக் கூப்பிடுவதுபோல ஆகிவிடும். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கசெட்டின் கடைசியில் அந்த ஒரு சொல்லையும் நீ சொல்லிவிடு. படம் தேவையில்லை. அந்த இடம் வரும்போது நான் அவர் முன்னால் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
இராசரத்தினம் மரகதம்