புல்வெளியில் சீமாட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா? போனை எடுக்க மாட்டாய், மின்னஞ்சல் எழுதினால் ஒரு வரி பதில் போட மாட்டாய். ஊமைக்கோட்டானைப் பெற்றுவிட்டு யாரை நோக? ஆனாலும் விளையாட்டில் நம் குதிரை சீமாட்டிக்குத் தினமும் தீனி வைக்கிறாய், பிடரி வாரிவிடுகிறாய். கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் கணினியைத் திறந்து அதைத்தான் முதலில் பார்க்கிறேன். தீனித்தொட்டி நிறைந்திருந்தால் என் பிள்ளை எழுந்து நடமாடுகிறான் என்று ஒரு நிம்மதி. வெளிநாடு போகுமுன் நீ இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது, "இல்லாத குதிரைக்கு இவ்ளோ சீராட்டா?" என்று சிரித்தவள்தான் நான். இப்போது அவள் சினையாக இருக்கிறாள். உன் கறுப்புக் குதிரையோடு சேர்த்தது நான்தான். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம். எனக்கு வயிற்றில் கட்டி என்கிறார் டாக்டர். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். கூட இருக்க ஆள் வேண்டும், எனக்கு நீதான். உனக்கு வாய்விட்டுச் சொல்ல வராது. அப்பா தவறிப்போனபோது நமக்குள் வந்த சண்டையும் உனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் எழுத வேண்டாம். வருவதென்றால் சீமாட்டியைப் புல்வெளிக்கு அவிழ்த்துவிடு. இல்லையென்றால் லாயத்திலேயே கட்டி வை. நான் புரிந்துகொள்வேன்.

அன்புடன்,
அம்மா

பிப்ரவரி 7

என் ராசாவுக்கு,

பார்த்துவிட்டேன்! புல்வெளியில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் யாருமில்லை, வாய்விட்டு அழுதேன். டாக்டரிடம், "என் பையன் வரட்டுங்க, அப்புறம் வெச்சுக்கலாம்" என்றேன். "தள்ளிப் போடாதீங்கம்மா" என்று கடிந்துகொண்டார். அவருக்கென்ன தெரியும்? உன் அறையைப் பெருக்கி, தலையணைக்குப் புது உறை போட்டிருக்கிறேன். டிக்கெட் கிடைக்கும்போது வா, அரக்கப்பரக்க ஓடி வர வேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

மார்ச் 19

கண்ணு,

குட்டி பிறந்துவிட்டது! உன் குதிரையின் கறுப்பு, சீமாட்டியின் வெள்ளை நெற்றி. பெயரை நீ வந்து வை.

வலி கொஞ்சம் அதிகம்தான். கடையில் நிற்க முடியவில்லை என்று முதலாளி நாற்காலி போட்டுக் கொடுத்தார். "உங்க பையன் எப்பத்தாங்க வர்றாரு?" என்று கேட்கிறார். "கிளம்பிட்டே இருக்கான்" என்கிறேன். நேற்றும் சீமாட்டி வெளியில்தான் நின்றாள். எனக்கு அது போதும். ஆனாலும் தேதியை மட்டும் சொல்லிவிடேன்.

அன்புடன்,
அம்மா

ஏப்ரல் 2

அம்மா,

இன்றுதான் உன் மூன்று கடிதங்களையும் திறந்தேன். அழுகையும் திட்டுமாக இருக்கும் என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்தேன்.

நான் அந்த விளையாட்டுப் பக்கம் போயே ஒரு வருடம் ஆகிறது. அதில் ஒரு கூலி ஆளை அமர்த்திவிட்டேன். நிஜ ஆள் இல்லை அம்மா, விளையாட்டே நடத்தும் பொம்மை. தீனி வைப்பது, வாரிவிடுவது எல்லாம் அவன்தான். விளையாட்டில் மழைக்காலம் முடிந்து வெயில் வந்தால் குதிரையை அவனே வெளியே விடுவான். அது நானில்லை. தொட்டி நிறைந்திருந்தால் நீ நிம்மதியாக இருப்பாய் என்று செய்தேன். எழுத வேண்டியிருக்காது என்றும்தான்.

எனக்காகக் காத்திருக்காதே. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வேலை செய்யும் கிடங்கில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன்.

உன் மகன்

ஏப்ரல் 9

உனக்கு,

போய்விட்டு வந்தேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இனிமே கத்தி வைக்க முடியாதும்மா. பரவிருச்சு. வலிக்கு மட்டும் மருந்து தர்றேன்" என்றார். போன தடவை மாதிரி அவர் கடிந்துகொண்டிருந்தால்கூடத் தேவலை.

பெற்ற பிள்ளையைக் கேட்பதாக நினைத்து ஒரு பொம்மையைக் கேட்டிருக்கிறேன். அவனைச் சொல்லி என்ன? வெயிலடித்தது, அவிழ்த்துவிட்டான். இத்தனை நாளும் அவனுக்குத்தான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ டிக்கெட் போடாதே. உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் நீ வந்து வாசலில் நின்றால், "சாப்டியாடா?" என்றுதான் என் வாய் கேட்கும். என்னை எனக்குத் தெரியாதா? இந்தக் கோபம் ஒன்றாவது கடைசிவரை என்னோடு இருக்கட்டும். வராதே.

அம்மா